பியாவிஸ்தோக் கொண்டுபோன கோப்பை

விரோத்ஸ்வாஃப்,
12 ஜூன் 2024

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கு ரொம்ப நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். கண்ணாடி போடாமல் டிவி பார்க்க உட்கார்ந்துவிடப் போகிறார்கள், நீதான் கவனித்துக்கொள்ள வேண்டும். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பள்ளியில் போலிஷ் பேசிப் பேசி, வீட்டில் எங்களைத் திருத்தும் அளவுக்கு வந்துவிட்டாள்.

கடைசிப் பக்கத்தில் எங்கள் போலந்துக் கால்பந்து லீக்கைப் பற்றி ஒரு குத்து வைத்திருந்தாயே: “மான்செஸ்டர் சிட்டி 91 புள்ளி எடுத்து சாம்பியன், உங்க ஊரில் 63 எடுத்தவனுக்குக் கோப்பையா? இதெல்லாம் ஒரு லீக்கா?” அதற்குப் பதில் எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. முதலில் கணக்கைச் சரிசெய்கிறேன். இங்கிலாந்து லீக்கில் 38 மேட்ச், இங்கே 18 அணி, 34 மேட்ச். அதை வைத்துப் பார்த்தாலும் 63 குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 63 எங்களுக்கும் இருந்தது! எங்கள் ஊர் அணி ஷ்லோன்ஸ்க் விரோத்ஸ்வாஃப் 63, பியாவிஸ்தோக் ஊர் அணி யாகியெல்லோனியா 63. இங்கே சமமாக நின்றால் முதலில் கோல் வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய இரண்டு மேட்சில் யார் கை ஓங்கியது என்றுதான் பார்ப்பார்கள். அதில் அவர்கள் கை ஓங்கியிருந்தது. கோப்பை போலந்தின் வடகிழக்கு மூலைக்குப் போய்விட்டது.

போன வருடம் இதே நேரம் இந்த இரண்டு அணிகளும் எங்கே கிடந்தன தெரியுமா? யாகியெல்லோனியா 14-ஆவது இடம். நாங்கள் 15. ஒரே ஒரு புள்ளியில்தான் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பினோம். அந்த இரண்டும்தான் இந்த வருடம் முதல் இரண்டு இடம். வேறு எந்த லீக்கிலாவது இப்படி நடந்ததாக நீ சொல், கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் கதையைச் சொல்லிவிடுகிறேன். கோச் யாட்செக் மகியேரா போன ஏப்ரலில்தான் திரும்ப வந்தார், மூழ்க இருந்த கப்பலைக் கரைசேர்த்தார். அதன்பின் இலையுதிர்காலம் முழுக்க டீம் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! அக்டோபரில் தலைநகரின் பெரிய டீம் லெகியா வார்சாவை இங்கே 4-0 என்று அடித்தோம். ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ 2012 போட்டிக்காகக் கட்டிய பெரிய ஸ்டேடியம், வழக்கமாகப் பாதி காலியாகத்தான் கிடக்கும். அன்று டிராமில் ஏறவே இடமில்லை. டிசம்பரில் பனிக்கால இடைவேளைக்கு லீக் மூடும்போது நாங்கள் முதலிடம். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 1977-இல் ஷ்லோன்ஸ்க் முதல்முறை பட்டம் வென்றது நன்றாக நினைவிருக்கிறது. இரண்டாவது 2012. மூன்றாவதையும் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே சபதம் போட்டார்.

பிப்ரவரியில் லீக் திறந்ததும் வெற்றி அருகிவிட்டது. கோல் போட எரிக் எக்ஸ்பொசிட்டோ ஒருவர்தான். டெனரீஃப் தீவுக்காரர், எங்கள் கேப்டன். 19 கோல், லீக்கிலேயே அதிகம். அதே சமயம், அணி மொத்தம் போட்டதே 50. அவர் காலைக் கட்டிவிட்டால் எங்களிடம் வேறு வழியில்லை என்பது பிப்ரவரிக்குள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

யாகியெல்லோனியா போட்டது 77. இந்த ஒரு எண் போதும், யார் சாம்பியன் என்று நியாயமாகத் தீர்ப்புச் சொல்ல. எனக்கு வயிறு எரிந்தாலும் இதை எழுதத்தான் வேண்டும். அவர்களுடைய கோச் அத்ரியான் சியெமியெனியெட்ஸுக்கு வயது 32. ஆட்டக்காரராகப் பெயரெடுத்தவர் இல்லை. கிளப்பின் இரண்டாம் அணியைப் பார்த்துக்கொண்டிருந்தவரை, போன ஏப்ரலில் டீம் ஆபத்தில் இருந்தபோது மேலே தூக்கிவிட்டார்கள். கீழே விழுந்துவிடுவோமோ என்று பயந்த டீம் வழக்கமாக என்ன செய்யும்? பந்தைத் தூக்கி அடித்துவிட்டுப் பின்னால் கூடாரம் போடும். இவர் கோல் கீப்பரில் இருந்தே பந்தைப் பாஸ் செய்து கொண்டுவரச் சொன்னார். இடது பின்களத்தில் ஆடும் வ்தோவிக் கூட ஃப்ரீ கிக், பெனால்ட்டி என்று கோல் போட்டுக்கொண்டே இருந்தான். வலது ஓரத்தில் ஓடும் மார்ச்சுக்கை இரண்டாம் டிவிஷனில் இருந்து கூட்டிவந்தார்கள். முன்னால் இமாஸ், பல வருடமாக அங்கேயே இருக்கும் ஸ்பெயின்காரர், முப்பது தாண்டியவர், இன்னும் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நடுவில் கேப்டன் தாராஸ் ரோமான்ச்சுக். உக்ரைனில் கோவெல் ஊரில் பிறந்தவர், 2014-இல் யாகியெல்லோனியாவுக்கு வந்தார், 2018-இல் போலந்துக் குடியுரிமை. அந்த வருடம் போலந்துக்காக ஒரு மேட்ச் ஆடியதோடு மறந்துவிட்டார்கள். இப்போது யூரோவுக்கு ஜெர்மனி போகும் அணியில் இருக்கிறார். தேசிய அணிக் கோச் மிஹாவ் ப்ரோபியெர்ஷ் யார் என்கிறாய்? 2017-இல் இதே யாகியெல்லோனியாவைக் கடைசி நாள்வரை பட்டத்துக்கு ஓட்டிவந்தவர். அன்று சொந்த மைதானத்தில் லெஹ் போஸ்னானோடு 2-2, கோப்பை லெகியாவுக்கு. அடுத்த வருடமும் இரண்டாமிடம். ஆக, இது அவர்களுக்கு ஒரே நாளில் வானத்திலிருந்து விழுந்தது இல்லை. 1920-இல் தொடங்கிய கிளப்புக்கு முதல் லீக் பட்டம்.

“பெரிய டீமெல்லாம் எங்கே போச்சு” என்று கேட்பாய். அதுதான் என் பாயின்ட். இந்த லீக்கில் பணக்காரர்கள் தங்களைத் தாங்களே தோற்கடித்துக்கொள்கிறார்கள். லெகியா செப்டம்பரில் இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லாவை 3-2 என்று ஜெயித்தது, நீகூட மெசேஜ் அனுப்பினாய். வியாழன் அன்று ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் ஓடிவிட்டு, ஞாயிறு உள்ளூர் லீக்கில் சறுக்கினார்கள். ஏப்ரலில் கோச்சை மாற்றினார்கள், மூன்றாமிடம். லெஹ் ஆகஸ்டிலேயே ஸ்லோவாக்கியாவின் ஸ்பார்டக் டிர்னாவாவிடம் தோற்று ஐரோப்பியப் போட்டியை விட்டு வெளியே வந்துவிட்டது, ஓய்வாக லீக் ஆடியிருக்கலாம். டிசம்பரில் அவர்களும் கோச்சை மாற்றி, ஐந்தாமிடத்தில் முடித்தார்கள். போன வருடச் சாம்பியன் ராகூஃபோ, பட்டம் வாங்கித்தந்த கோச் பாப்ஷுன் விலகியபின் ஏழாமிடம். இப்போது மறுபடி அவரையே கூப்பிட்டிருக்கிறார்கள். வரவு செலவை ஒழுங்காகப் பார்த்து, பதறாமல் இருந்த கடைக்காரன்தான் இந்தத் தெருவில் பிழைக்கிறான். 2019-இல் பியாஸ்ட் கிளிவீட்ஸே, 2023-இல் ராகூஃப், இப்போது இவர்கள்: ஆறு சீசனில் மூன்று பேர் முதல்முறைப் பட்டம். உன் லீக்கில் முதல்முறை ஜெயித்தவன் கடைசியாக யார்? 2016-இல் லெஸ்டர். அதை இன்னும் அதிசயம் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

மே 25, சனிக்கிழமை. கடைசி நாள் எல்லா மேட்சும் ஒரே நேரத்தில் தொடங்கும். அதுவரை இரண்டு அணிக்கும் 60 புள்ளி. நாங்கள் சென்ஸ்தோஹோவாவில் ராகூஃபோடு, அவர்கள் சொந்த ஊரில் வார்த்தா போஸ்னானோடு. நாங்கள் 2-1 என்று ஜெயித்தோம். பிரயோஜனம் இல்லை, அங்கே 3-0. பக்கத்து வீட்டுப் பெரியவர் பாதி ஆட்டத்திலேயே எழுந்து பால்கனிக்குப் போய் சிகரெட் பற்றவைத்துவிட்டார்.

இதில் எனக்கு மனசு கஷ்டமானது வார்த்தாவுக்காக. போஸ்னானின் ஏழைக் கிளப். 1929, 1947 என்று இரண்டு முறை சாம்பியன். இப்போது சொந்த மைதானம் சரியில்லாமல் பக்கத்துச் சிற்றூருக்குப் போய் ஆடுகிறார்கள். அன்று கொரோனா கியெல்ட்சே ஜெயிக்காமல் இருந்தால் தோற்றும் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பியிருப்பார்கள். கொரோனா எங்கே ஜெயித்தது? போஸ்னானில், லெஹ்ஹோடு, 2-1! சொந்த ஊர்ப் பெரிய டீம் வீட்டில் தோற்றதால், சின்ன டீம் ஒரு புள்ளியில் கீழே போனது. லெஹ் வேண்டுமென்றே தோற்றது என்று நான் சொல்லவில்லை, அவர்கள் அந்த வசந்தம் முழுக்கவே அப்படித்தான் ஆடினார்கள்.

கூடவே ŁKS என்று இங்கே எழுதினால் உனக்கு வாசிக்க வராது, லோட்ஸ் நகரத்து டீம் என்று வைத்துக்கொள். அதுவும் 14 முறை சாம்பியனான ரூஹ் ஹோஜூஃபும் வந்த வேகத்தில் இறங்கிவிட்டன. இவர்களோடு ஏறிவந்த புஷ்ச்சா மட்டும் தப்பிவிட்டது. கிராகூஃப் பக்கத்தில் காட்டோரத்துச் சிறுநகர் டீம், முதல் டிவிஷனில் முதல் வருடம், கிராகூஃபில் வாடகை மைதானம். நீளமான த்ரோ-இன், கார்னர், தலையால் முட்டுவது, இதுதான் அவர்கள் ஆட்டம். அழகு பார்க்காதே, ஆனால் நான் அவர்கள் மேட்ச் வந்தால் சேனல் மாற்றுவதில்லை.

ஜெர்மனியின் பழைய நட்சத்திர ஆட்டக்காரர் பொடோல்ஸ்கியைக் கேட்டிருந்தாய். இன்னும் ஆடுகிறார்! போன வாரம் 39 முடிந்தது. குர்னிக் ஸாப்ஷேயில் ஆறாமிடம்.

எக்ஸ்பொசிட்டோவின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, அவர் இருக்கமாட்டார் என்று ஊரே பேசுகிறது. ஐரோப்பியத் தகுதிச் சுற்று ஜூலையில் தொடங்கும், அதற்குள் அந்த 19 கோலை யார் போடுவது என்று கிளப் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அடுத்த வருடத்தை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. முன்னே ஒரு புள்ளியில் தப்பியவர்கள்தானே.

டிசம்பரில் வருவதாக இருக்கிறோம், டிக்கெட் போட்டதும் எழுதுகிறேன். உன் பையன் பன்னிரண்டாவதில் எவ்வளவு எடுத்தான், எந்தக் கல்லூரி என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது, லீக்கைப் பிறகு திட்டலாம்.

அன்புடன்,
ரவி