டயாலிசிஸ் நோயாளிக்கு இளநீர் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து மூன்று வருடமாகிறது. செவ்வாய், வியாழன், சனி தஞ்சாவூரில் டயாலிசிஸ், அதாவது ரத்தத்தை மெஷின் வைத்துச் சுத்தம் செய்வது. விடியற்காலை பஸ்ஸில் நானும் கூடப் போவேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வயலில் இருந்தபோது, அவரைப் பார்க்க வந்த சொந்தக்காரர் தன் கொல்லையில் பறித்த இளநீரில் இரண்டைச் சீவி, "சூடு தணியும், குடிங்க அத்தான்" என்று கொடுத்திருக்கிறார். பாசத்தில் செய்ததுதான். திங்கள் ராத்திரி அவரால் காலைத் தூக்க முடியவில்லை. கார் பிடித்து ஓடினோம். ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு ஏறிவிட்டது, இன்னும் ஏறினால் இதயமே நின்றுவிடும் என்றார் டாக்டர். அந்த நேரத்திலேயே மெஷினில் போட்டுக் காப்பாற்றினார்கள்.

"அதான் மெஷின் சுத்தம் பண்ணிடுதே" என்று ஊரில் கேட்கிறார்கள். கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்த பிஸ்டுலாவில் இரண்டு ஊசி குத்துவார்கள். ஒன்றின் வழியே வெளியே வரும் ரத்தம் டயலைசருக்குள் போகும். அதற்குள் முடி மாதிரி மெல்லிய குழாய்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. குழாய்க்குள் ரத்தம் ஓட, வெளியே உப்புகள் கலந்த நீர் எதிர்த்திசையில் ஓடும். ரத்தத்தில் சேர்ந்த யூரியா என்ற கழிவும் பொட்டாசியமும் அந்த நீரில் இறங்கிவிடும். உடம்பில் தேங்கிய தண்ணீரையும் மெஷின் இழுத்துவிடும். ஒரு தடவைக்கு ஒருவருக்கே சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும் என்று டெக்னீசியன் தம்பி சொன்னபோது மலைத்துப்போனேன்.

ஆனாலும் அது நாலு மணி நேர வேலை, வாரத்துக்கு 12. சிறுநீரகமோ 168 மணி நேரமும் ஓயாமல் செய்கிறது. சனிக்கு அப்புறம் செவ்வாய் வரை சேருவதெல்லாம் உடம்பிலேயே கிடக்கும். இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். தண்ணீரும் மோரும்கூட டாக்டர் சொன்ன அளவுதான். மீறினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். பொட்டாசியம் குறையட்டும் என்று காய்கறியைக்கூட நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் சமைக்கிறேன்.

வந்தவருக்கு இளநீர் கொடுப்பதும், நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகாததும் நம் டெல்டாவின் வழக்கம். டயாலிசிஸ் செய்துகொள்பவர் வீட்டுக்கு மட்டும் வெறுங்கையோடே வாருங்கள். திண்ணையில் அவரோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள். முடிந்தால் ஒரு வியாழக்கிழமை பஸ்ஸில் அவருக்குத் துணையாகப் போய் வாருங்கள். அன்றைக்கு நான் நடவு வேலைக்குப் போவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்