பாஸ்டனிலிருந்து அம்மாவுக்கு

பாஸ்டன், நியூ இங்கிலாந்து (அமெரிக்கா)
1640, பத்தாம் மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். பத்தாம் மாதம் என்றால் டிசம்பர்தான், குழம்ப வேண்டாம். மாதங்களின் பெயர்களில் புறஜாதித் தெய்வங்கள் இருப்பதால், இங்கே மார்ச்சை முதலாவதாக வைத்து எண்ணிச் சொல்கிறோம்.

கிறிஸ்துமஸை எப்படிக் கொண்டாடுகிறோம் என்று கேட்டிருந்தீர்கள். இங்கே அது வேலைநாள். இவர் விறகு வெட்டப் போனார், நான் துணி துவைத்தேன். வேதத்தில் அந்தப் பண்டிகை இல்லை. ஆண்டவர் கொடுத்தது ஓய்வுநாள்தான். ஆனாலும் நம் சமையலறை வாசனை நினைவுக்கு வந்தது, அதை உங்களிடம் மறைப்பானேன்.

சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஓய்வுநாள் தொடங்கிவிடும். மறுநாள் காலையிலும் மதியத்திலும் ஆராதனை. ஆராதனைக்குக் கூடுகிற வீட்டில் சிலுவை, படம், ஆர்கன் எதுவும் கிடையாது, கணப்புகூட இல்லை. குளிரில் கால் மரத்துப்போகும். ஆனால் பிரசங்கிப்பவர் இங்கிலாந்தில் நம் ஊரில் இருபது வருஷம் பிரசங்கித்த அதே ஜான் காட்டன் ஐயா. அந்தக் குரலைக் கேட்கத்தானே கடல் தாண்டி வந்தோம்! இந்த வருஷம் இங்குள்ள கேம்பிரிட்ஜில் அச்சிட்ட, வேதத்தின் சங்கீதங்களைப் பாட்டாக்கிய புத்தகம் ஒன்றைக் கப்பலில் அனுப்புகிறேன், பாடிப் பாருங்கள்.

அப்புறம், என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். நான் இன்னும் சபையில் சேரவில்லை. ஆராதனைக்கு எல்லோரும் வரவேண்டும், ஆனால் அப்பமும் திராட்சரசமும் பகிரும் இராப்போஜனம் சபையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். சேருவதற்கு நல்ல நடத்தை போதாது. ஆண்டவர் நம் உள்ளத்தில் எப்படிக் கிரியை செய்தார், எப்போது பாவத்தை உணர்த்தினார், எப்போது ஆறுதல் தந்தார் என்று சாட்சி சொல்ல வேண்டும். இவர் சபையார் முன்னால் நின்று சொல்லிவிட்டார். அதனால் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடைத்தது. நான் இராப்போஜன நாளில் எழுந்து வெளியே வருகிறேன்.

உலகம் உண்டாகும் முன்னே ஆண்டவர் தமக்குரியவர்களைத் தெரிந்துகொண்டார், நம் நற்செயலால் அதை மாற்ற முடியாது என்று முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் நான் இருக்கிறேனா? ராத்திரியில் இந்தக் கேள்விதான் தூங்கவிடுவதில்லை. ஆல்ஃபர்டிலிருந்து பிரசங்கம் கேட்க நம் ஊருக்கு வருவாரே ஆன் ஹட்சின்சன் அம்மா, அவரும் இங்கே வந்தார், தமக்கு ஆண்டவர் நேரடியாக வெளிப்படுத்தினார் என்றார். விசாரித்து, 1638-இல் சபையிலிருந்து நீக்கி, ஊரைவிட்டே அனுப்பிவிட்டார்கள். எத்தனையோ பிரசவங்களில் பெண்களுக்குத் துணை நின்றவர். தீர்ப்பு சரி என்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது. அதிகமாகச் சொன்னாலும் பயம், ஒன்றும் சொல்லாவிட்டாலும் பயம்.

பெண்கள் தங்கள் சாட்சியைச் சபை மூப்பர்களிடம் தனியாகச் சொல்லலாம் என்கிறார் இவர். அதற்குத்தான் உங்களைக் கேட்கிறேன். ஏழு வயதில் எனக்குக் காய்ச்சல் கண்ட இரவு, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சங்கீதம் வாசித்தீர்கள். நான் திடீரென்று எழுந்து அழுது ஏதோ சொன்னேனாம், அப்புறம் அமைதியாகத் தூங்கினேனாம். என்ன சொன்னேன்? நினைவிருந்தால், வசந்தத்தில் புறப்படும் முதல் கப்பலிலேயே எழுதி அனுப்புங்கள்.

அப்பாவுக்கு என் வணக்கம்.

உங்கள் மகள்