முளைப்பயறும் மணத்தக்காளியும்

அன்புள்ள கண்ணு,

பயறு முளைக்கவே இல்லை என்று போனில் புலம்பினாயே, அதைப் பொறுமையாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இங்கே இரவு ஊறப்போட்டுக் காலையில் துணியில் கட்டினால் மறுநாள் வால் விட்டிருக்கும். ஸ்டுட்கார்ட் குளிருக்கு இரண்டு நாளாவது பிடிக்கும். ஹீட்டர் பக்கத்தில் வை, மேலேயே வைத்துவிடாதே. எட்டு மணி நேரம் ஊறினால் போதும்; நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தால் அழுகத்தான் செய்யும். காலையும் மாலையும் பிரித்து அலசி, தண்ணீரை ஒட்ட வடித்துக் கட்டு. பிசுபிசுத்தாலோ புளித்த வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடு. தோட்டக் கடையில் விதைக்க விற்கும் பாக்கெட்டை மட்டும் வாங்காதே, அதில் பூச்சிமருந்து கலந்திருக்கலாம்.

அப்புறம், பச்சையாகத் தின்னாதே. 2011-இல் நீ இருக்கும் ஜெர்மனியில்தான், வடக்குப் பக்கம், ஈ.கோலை கிருமி பரவி ஐம்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழியைப் போட்டார்கள். கடைசியில் பார்த்தால் வெந்தய முளை! விதையை முளைக்க வைக்கும் அதே ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் தோதாகிவிடுகிறது; கழுவினாலும் முழுசாகப் போவதில்லை. நன்றாக ஆவியில் வேகவைத்து, கடுகு தாளித்துத் தேங்காய்த் துருவல் போட்டுக்கொள். முளைவிட்டதால் வரும் வைட்டமின் சி வேகும்போது கொஞ்சம் குறையும். குறைந்தால் குறையட்டும், அதற்கு ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் ஆயிற்று.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பகீரென்றது. காட்டோரம் நடக்கப் போன இடத்தில் மணத்தக்காளி பழுத்துக் கிடக்கிறது, பறிக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். பறிக்காதே. நம் மணத்தக்காளி மிளகை விடக் கொஞ்சம் பெரிதாகக் கொத்தாகத் தொங்கும். நீ எடுத்த படத்தில் பழம் ஒவ்வொன்றும் தனித்தனியாக, பளபளவென்று, செர்ரிப் பழம் அளவுக்கு இருக்கிறது. அடியில் ஐந்து இதழாக விரிந்த பச்சைப் புல்லிவட்டம் வேறு. அது பெல்லடோனா என்கிற விஷச்செடி போலத்தான் தெரிகிறது. கொஞ்சம் பழமே உயிருக்கு ஆபத்து. நிஜ மணத்தக்காளியாகவே இருந்தாலும், முன்பின் தெரியாத செடியிலிருந்து பறித்துத் தின்ன வேண்டாம். பச்சைக் காயை வேகவைக்காமல் யாரும் தொடுவதில்லை, அதிலும் விஷச்சத்து உண்டு.

வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிதான் வேண்டும் என்றால் தமிழ்க் கடையில் வத்தல் இருக்கும், கேட்டு வாங்கு. இல்லையென்றால் நான் போட்டு வைக்கிறேன், வரும்போது எடுத்துக்கொள்ளலாம். காயை லேசாகக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி ஊறவைத்து, பகலில் வெயில், சாயங்காலம் திரும்ப அதே மோர். மோர் வற்றும்வரை இப்படித்தான். மொட்டைமாடியில் காயும்போது காக்காயை விரட்டுவது அப்பா வேலை, பேப்பரைப் படித்துக்கொண்டே தூங்கிவிடுவார்.

வறுக்கும்போது நல்லெண்ணெய், சின்னத் தீ. பொரிந்து நிறம் மாறியதும் எடுத்துவிடு, கருகினால் கசப்பு நாக்கை விட்டுப் போகாது. சுடுசோற்றில் போட்டுப் பிசைந்து சாப்பிடு. பத்து நாளைக்கு மேல் புண் ஆறாவிட்டால் வத்தலை நம்பிக்கொண்டு இருக்காதே, டாக்டரிடம் போ.

அன்புடன்,
அம்மா