180.01 பாகை

அன்புள்ள தோழிக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மகளுக்கு மதுரையிலேயே வேலை கிடைத்தது கேட்டு அம்மா பாயசமே வைத்துவிட்டார்.

போன வாரம் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. ஜியோஜீப்ரா என்ற வடிவியல் மென்பொருளைத் தரவிறக்குவது, பாடநூலின் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்வது, கடைசியில் குழுப் படம். சமோசா நன்றாக இருந்தது.

திங்களன்று ஏழாம் வகுப்பில் திரையில் ஒரு முக்கோணம் வரைந்தேன். முனையைப் பிடித்து இழுக்க இழுக்கக் கோணங்கள் மாறின; பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். கடைசி பெஞ்சுப் பையன் மட்டும் நோட்டில் ஏதோ கூட்டிக்கொண்டிருந்தான். "டீச்சர், 45.67, 60.67, 73.67. கூட்டினால் 180.01 வருகிறதே, கம்ப்யூட்டருக்குக் கணக்குத் தெரியாதா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. திரை இரண்டு தசம இடங்களோடு நிறுத்திக்கொள்கிறது. 45.666... என்று நீள்வதை 45.67 என்று ஏற்றி எழுதுகிறது. மூன்று கோணங்களிலும் இப்படிக் கூடிய துளிகள் சேர்ந்துதான் அந்த 0.01. மறுநாள் அதையே பாடமாக நடத்தினேன். அதற்குள் இன்னொருத்தி மேல்முனையை அடிக்கோட்டின் மேலேயே இறக்கிவிட்டு, "180, 0, 0. இப்போதும் இது முக்கோணமா?" என்றாள். அன்று சாக்பீஸைத் தொடவே நேரமில்லை!

பயிற்சியில் கருவியை எப்படி இயக்குவது என்று சொல்லித் தந்தார்கள். அதை வைத்துப் பிள்ளை என்ன கேட்பான் என்று யாரும் பேசவில்லை. பி.எட். வகுப்பில் பாடம் நடத்தும் உனக்கு, கல்வியாளர் ஷுல்மன் 1986இல் எழுதியதை நான் சொல்ல வேண்டியதில்லை: பாடம் தெரிவது வேறு, அந்தப் பாடத்தைக் கற்பிக்கத் தெரிவது வேறு. 2006இல் மிஸ்ரா, கோலர் என்ற இரண்டு கல்வி ஆய்வாளர்கள் அதோடு தொழில்நுட்பத்தையும் சேர்த்தார்கள். மூன்றும் கலக்கும் இடத்தில்தான் நான் திங்களன்று திணறினேன். ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. அதில் ஐந்து மணி நேரமாவது இப்படிப்பட்ட கேள்விகளுக்குக் கிடைத்தால் போதும் எனக்கு.

இப்போது பக்கத்துப் பள்ளி ஆசிரியைகள் இருவரும் நானும் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் திண்ணையில் கூடுகிறோம். ஒரு நாளைக்கு ஒரே பாடம். ஒருத்தி நடத்த, மற்ற இருவரும் குறும்புக்காரப் பிள்ளைகளாகிக் கேள்வி கேட்கிறோம்.

அடுத்தது வட்டத்தின் பரப்பளவு. உன் மாணவிகளிடம் சொல்லி, எங்களை மடக்கும்படியாக நாலு கேள்வி வாங்கி அனுப்பு. ஊறுகாய் ஜாடியைத் திருப்பித் தர நீயேதான் வரவேண்டும்.

உன் பழைய விடுதித் தோழி