காலண்டரைக் காட்டிக்கொடுத்தவர்களுக்கு

ஞாயிறுதோறும் டீக்கடையில் உட்கார்ந்து ஒருவர் எடுத்த புகைப்படத்தை மற்றவர்கள் அலசும் நம் கூட்டத்துக்கு வணக்கம்.

கோயில் மண்டபத்துச் சுவரில் படங்கள் பதினைந்தும் ஏறிவிட்டன. பதினான்கு என்னுடையவை, ஒன்று யாருடையது என்பதைப் பிறகு சொல்கிறேன். வந்தவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், ஒரு பெரியவர் மாலைகூடப் போட்டார். அந்த மாலை போக வேண்டிய கழுத்துகள் வேறு. மேடையிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். மைக் கைக்கு வந்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. "எல்லாருக்கும் நன்றி" என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு இறங்கிவிட்டேன். அந்தக் கடனைத்தான் இப்போது எழுதித் தீர்க்கிறேன்.

யார் பெயரையும் போடவில்லை. போட்டால் ஸ்டூடியோ ஐயா திட்டுவார். பெயர் இல்லாவிட்டால் என்ன, ரங்கூனில் நம் ஆட்களுக்கு இரண்டு வரி படித்தாலே யார் யார் என்று தெரிந்துவிடும்.

உங்களிடம் வந்து சேர்வதற்கு முன் என் படங்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: சூப்பர். சித்தப்பா சூப்பர் என்றார். தஞ்சாவூரில் இருக்கும் அத்தை மகள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். நானும் நம்பிவிட்டேன். அந்தத் தைரியத்தில்தான் அம்மா முறுக்குப் பிழியும் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சுருட்டி எடுத்துக்கொண்டு, அனோரதா சாலையிலிருந்து பிரியும் அந்தச் சந்து டீக்கடைக்கு முதல் நாள் வந்தேன்.

ஐயா படத்தை வாங்கினார். பாராட்டப்போகிறார் என்று பார்த்தால், மேசையில் தலைகீழாகத் திருப்பி வைத்தார். "இப்போ உன் கண்ணு எங்கே போகுது, சொல்லு" என்றார். எனக்கு எரிச்சல். ஆனாலும் பார்த்தேன். தலைகீழாக இருக்கும்போது அது அம்மா இல்லை, அடுப்பு இல்லை; வெறும் வெளிச்சமும் நிறமும்தான். கண் நேராகப் போய் ஒட்டிக்கொண்டது மூலையில் இருந்த ஒரு சிவப்புக் கட்டத்தில். நகைக்கடைக் காலண்டர்! மூன்று வாரமாக அந்தப் படத்தைத் தினமும் பார்த்தவன் நான். ஒருநாள்கூட அது கண்ணில் படவில்லை.

"அம்மா கையைக் காட்ட வந்தியா, நகைக்கடைக்கு விளம்பரமா?" என்றார் ஐயா. எல்லாரும் சிரித்தார்கள். பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு இன்னும் குள்ளமாகிவிட்டதுபோல் இருந்தது.

அப்புறம் அவர் சட்டைப்பையிலிருந்து இரண்டு அட்டைத் துண்டுகளை எடுத்தார். பழைய கல்யாணப் பத்திரிகையை 'ட' வடிவத்தில் வெட்டியது. ஒன்றில் 'திருவளர்செல்வன்' என்பதில் பாதி இன்னும் தெரியும். இரண்டையும் எதிரெதிராகப் படத்தின் மேல் வைத்து மெதுவாக நகர்த்தினார். காலண்டர் போயிற்று. அலமாரி போயிற்று. அம்மாவின் முகத்திலும் பாதி போனபோது எனக்குப் பதறியது. கடைசியில் நின்றது உரலை அழுத்தும் இரண்டு கைகள், வளையல், எண்ணெய்க்குள் இறங்கும் மாவின் முதல் சுற்று, ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் விழும் காலை வெளிச்சம். நான் எடுக்க நினைத்த படம் நான் எடுத்த படத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஐயா, அந்த அட்டைகளுக்கு முதல் நன்றி.

அவர் கண் எப்படி இவ்வளவு கறாரானது என்று பல நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1964-இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக ஊருக்குக் கப்பலேறியபோது, அவர் ஒரு ஸ்டூடியோவில் பன்னிரண்டு வயது எடுபிடி. பிரிந்து போகிறவர்கள் கடைசியாக ஒன்றாக நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள வருவார்களாம். "பிலிம் கிடைக்காது. ஒரு குடும்பத்துக்கு ஒரே தட்டுதான். யாராச்சும் கண்ணை மூடிட்டா, அவங்க காலம் பூரா கண்ணை மூடினபடிதான்" என்றார். அழுத்துவதற்கு முன்னால் நாலு மூலையையும் பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது. நான் ஒரு காலையில் இருநூறு தட்டு தட்டிவிட்டு வருகிறவன். சரி, அந்தப் பேச்சு போதும்.

கூட்டத்துக்கு என்று நீங்கள் வைத்திருந்த இரண்டு சட்டங்கள் ஆரம்பத்தில் எனக்கு அநியாயமாகப் பட்டன. படம் எடுத்தவன் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒன்று. "நல்லா இருக்கு" என்று சொல்கிறவன் அன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்பது இன்னொன்று. நாலு வாரத்தில் இரண்டாவதுக்காக என் பணம் நிறையவே கரைந்தது. முதலாவதுதான் கஷ்டம். "அன்னைக்கு மழை, படகு ஆடிச்சு, அந்த அம்மா திரும்பிட்டாங்க" என்று நாக்கு நுனிவரை வரும். பார்க்கிறவருக்கு மழை தெரியாது. படம் மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டு சர்க்கரை இல்லாத பச்சைத் தேநீரைக் குடித்துக்கொண்டே இருப்பேன். அதுவாவது இலவசம்.

கல்யாணப் படம் எடுக்கும் அண்ணனுக்கு அடுத்த நன்றி. கண்டோஜி ஏரிக்கரையில் நின்று இரவில் ஷ்வேடகோனை எடுத்துக்கொண்டு வந்தேனே, நினைவிருக்கிறதா? தங்கக் கோபுரம் ஒரு வெள்ளைத் திட்டாக வந்திருந்தது. காமிரா மட்டம் என்றேன். நீங்கள் காமிரா பக்கம் நின்றீர்கள்.

"காமிராவுக்குத் தங்கமும் தெரியாது, ராத்திரியும் தெரியாது. எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரத்தான் அதுக்குத் தெரியும். படத்துல முக்கால்வாசி கறுப்பு வானம். ஐயையோ இருட்டுன்னு வெளிச்சத்தை ஏத்திடுது, தங்கம் வெந்துபோகுது."

எக்ஸ்போஷரை, அதாவது காமிரா உள்ளே வாங்கும் வெளிச்சத்தின் அளவை, ஒன்றரைப் படி குறைத்து எடு என்றீர்கள். மறுநாளே போய் எடுத்தேன். அடுக்கு அடுக்காகத் தங்கம் வந்தது, ஏரியில் அதன் நிழலும் வந்தது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் நம் வீட்டுப் பெண்களின் முகம் இன்னும் கறுத்துப்போவதும் இதே கணக்குதான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்குப் படியைக் கூட்ட வேண்டும். கூட்டத் தெரியாமல், போனில் முகத்தை வெளுக்கும் ஃபில்டரைப் போட்டு, "இது யாருடா சீமைக்காரி?" என்று ஆயாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

டீக்கடைப் பையனுக்கு இந்த மடலைப் பர்மிய மொழியில் நானே வாசித்துக் காட்டப் போகிறேன். ஆற்றைக் கடந்து டலாவுக்குப் போகும் படகில் காடை முட்டை விற்கும் பெண்ணை உச்சி வெயிலில் எடுத்து, 'தாயின் புன்னகை' என்று தலைப்பும் வைத்து மேசையில் விரித்திருந்தேன். நாங்கள் பெரிய மனுஷர்கள் ஆறு பேர் அவள் கன்னத்தில் பூசியிருந்த தனாக்கா என்ற மரப்பட்டைச் சாந்தைப் பற்றியும், தலைக்குப் பின்னால் முளைத்த கம்பத்தைப் பற்றியும் அரை மணி நேரம் பேசினோம். முத்தம் கொடுப்பதுபோல் யாரோ சத்தம் எழுப்பிக் கூப்பிட, டீ கொண்டுவந்த பையன் ஒரு பார்வை பார்த்தான். "அவங்க சிரிக்கலையே. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குறாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். தலைப்பை அன்றே கிழித்தேன். இப்போது சுவரில் இருக்கும் படம் அதே பெண்தான், அதே படகுதான். மாலை ஐந்து மணி, கம்பம் விலகும்படி நான் இரண்டு அடி தள்ளி நின்றது. அவள் அதிலும் சிரிக்கவில்லை.

இனிச் சொல்லப் போவது எனக்குச் சங்கடமானது.

விமர்சனத்தை வாங்கக் கற்றுக்கொண்ட வேகத்தில், கொடுக்கவும் தெரிந்துவிட்டது என்று நினைத்துவிட்டேன். தம்பி ஒருவன் அப்பாவோடு மாண்டலே போய்வந்து, அமரபுராவில் ஊ பெயின் பாலத்தை எடுத்துக்கொண்டு வந்தான். சூரியன் இறங்குகிறது, பாலத்து மேல் ஆட்கள் கறுப்பு நிழல்களாக நடக்கிறார்கள். எல்லாரும் பார்த்த படம். "இதை ஆயிரம் பேர் எடுத்தாச்சு தம்பி, நீ வேற எதுக்கு?" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சட்டப்படி வாயைத் திறக்கக் கூடாதே. படத்தை எடுத்து உறையில் போட்டான். இரண்டு மாதம் அவனைக் காணோம்.

நம் கூட்டத்து வாத்தியார் என்னை அன்றைக்குத் திட்டவில்லை. அடுத்த வாரம் கதைபோல ஆரம்பித்தார். மதராஸ் படையில் இருந்த லின்னேயஸ் ட்ரைப் என்ற அதிகாரி 1855-இல் அவா ராஜ்ஜியத்துக்கு, அதாவது பர்மிய மன்னரிடம், போன தூதுக்குழுவோடு வந்து இங்கே படம் எடுத்தார். பிற்பாடு மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்த அதே ஆள். அமரபுரா மரப்பாலத்தை அவர் எடுத்தபோது பாலம் கட்டி ஐந்தாறு வருடம்தான் ஆகியிருக்கும். அவருடைய காகித நெகட்டிவில் வானம் வெறுமையாகத்தான் விழும்; அதனால் மேகத்தைக் கையாலேயே வரைந்து சேர்ப்பார். "முதல் ஆளே எடுத்துட்டார், மேகமும் போட்டுட்டார். அதுக்கப்புறம் வந்த நாமெல்லாம் காமிராவைத் தூக்கிக் குப்பையில போட்டுடலாமா?" என்று வாத்தியார் கேட்டபோது டீ எனக்குக் கசந்தது.

தம்பி வீட்டுக்கு நானே போனேன். ஐயாவும் அட்டைகளோடு வந்தார். அந்தப் படத்தை உறையிலிருந்து மறுபடி வெளியே எடுக்கச் சொன்னார். சூரியனை விட்டுவிட்டு இடது ஓரத்துக்கு அட்டையை நகர்த்தினார். பாலத்து முனையில் ஒரு சின்னப் பெண். செருப்புகளைக் கழற்றி இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு, தேக்குப் பலகையின் இடைவெளிக்குள் குனிந்து தண்ணீரைப் பார்க்கிறாள். "அவளைத்தான்ணே எடுத்தேன். சூரியன் தானா வந்துடுச்சு" என்றான் தம்பி. ஆயிரம் பேர் எடுத்த பாலம் என்று சொன்ன நான் படத்தையே பார்க்கவில்லை, சூரியனோடு நின்றுவிட்டேன். என்னைவிடப் பதினோரு வயது சிறியவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் அம்மா மொகிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

சுவரில் பதினைந்தாவதாக இருப்பது அந்தப் படம்தான். மண்டபத்தில் நின்றவர்கள் அதிக நேரம் பார்த்ததும் அதைத்தான். தம்பி, திரும்பி வந்தாய் பார், அதற்கு நன்றி.

பிரிண்ட் முதலில் பச்சையடித்து வந்தபோது, கரண்ட் வரும் நேரம் பார்த்து இரண்டு ராத்திரி கூடவே உட்கார்ந்து நிறத்தைச் சரி செய்து கொடுத்த அக்காவுக்கும் நன்றி. சுவரில் ஆணி அடித்துக் கொடுத்தவர்களுக்கும்.

இன்னும் ஒரு மாதத்துக்குப் படங்கள் மண்டபத்தில் இருக்கும். பதினோராவது படம் லேசாகச் சாய்ந்திருக்கிறது என்று ஐயா நேற்றே சொல்லிவிட்டார். சுவரில் மாட்டிய சட்டம் சாய்ந்திருக்கிறதா, படத்துக்குள் ஓடும் ஆறு சாய்ந்திருக்கிறதா என்று சொல்லவில்லை. வருகிற ஞாயிறு கேட்டுக்கொள்கிறேன். அந்த நகைக்கடைக் காலண்டர் மட்டும் இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது. அமாவாசை பார்க்க வேண்டும் என்று அம்மா கழற்ற விடவில்லை.