மேல்மாடி மண்டப மரத்தரைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மேல்மாடி மண்டபத்தில் மரத்தரை வேலை முடிந்துவிட்டது. சமய வகுப்பும் நடன வகுப்பும் பழையபடி அங்கேயே நடக்கின்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்; தணிக்கை முடிந்ததும் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வரும். ஆகவே இங்கே வேலையைப் பற்றித்தான் எழுதுகிறோம். "கோயிலுக்குப் போய்க் கழித்துப்போட்ட பலகையா வாங்குவது?" என்று சென்ற கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். நேரம் இல்லாததால் அன்றைக்குச் சுருக்கமாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. முழுப் பதில் இது.

மரத்தரை வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. சிமெண்டில் பதித்த ஓட்டின் மேல் பிள்ளைகள் தட்டடவு போட்டால், தட்டுகிற வேகம் அப்படியே முழங்காலுக்குத் திரும்புகிறது. நடன ஆசிரியை பல வருடமாகச் சொல்லிவருவது இது. கீழே அன்னதானக் கூடம் வேறு. பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குத் தலைக்கு மேல் இடி.

ஆனால் கையில் இருந்த பணம், மெருகு போட்டு வரும் நல்ல தரப் பலகைக்குக் கட்டுப்படியாகவில்லை. எந்தக் குத்தகையாளரின் விலைப்புள்ளியைப் பார்த்தாலும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியைக் கூட்டும்போது மூச்சு முட்டியது. அப்போதுதான் கட்டடக் குழுவில் தச்சுவேலை தெரிந்த ஒருவர், சிங்கப்பூர் சுங்கை காடுட் பக்கத்து மரக்கிடங்கில் தரம் பிரித்தபின் மீந்த, கெம்பாஸ் என்ற மலேசியக் கடினமரப் பலகைக் கட்டுகள் கிடக்கின்றன என்று சொன்னார். மெருகு ஏற்றாத வெறும் பலகை. ஒன்றின் நாக்கு அடுத்ததன் காடிக்குள் பொருந்தும்படி ஓரம் வெட்டியது. 19 மில்லிமீட்டர் தடிமன். விலை, நல்ல தரத்துக்குச் சொன்னதில் பாதிகூட இல்லை.

தரம் குறைவு என்றால் என்ன? மலேசிய மரத்தில் பிரைம், செலெக்ட், ஸ்டாண்டர்டு என்று மேலிருந்து கீழாகப் பிரிப்பார்கள். முடிச்சு, நிற வேறுபாடு, ஊசித்துளை, நீளக் குறைவு, இழைப்பில் விட்டுப்போன இடம் என்று ஒவ்வொன்றாகச் சேரச் சேரப் பலகை ஒரு படி இறங்கும். இவற்றில் பெரும்பாலானவை பார்வைக்கு உள்ள குறைகள். கெம்பாஸ் எந்தப் படியில் இருந்தாலும் கெம்பாஸ்தான். அந்தக் காலத்தில் மலாயா ரயில் பாதைக்கு மருந்து ஏற்றிய கெம்பாஸ் கட்டைகளைப் போட்டார்கள் என்றால் அதன் உறுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும்: வேலை செய்ய இது முரட்டு மரம். துளை போடாமல் ஆணி அடித்தால் பிளந்துவிடும்.

மெருகு ஏற்றாததை எடுத்ததற்கும் காரணம் உண்டு. மலிவுப் பலகைகள் ஒன்றுக்கொன்று மயிரிழை ஏறியும் இறங்கியும் இருக்கும். தொழிற்சாலையில் மெருகு போட்டு வந்தவை அப்படி இருந்தால் அந்த மேடுபள்ளம் கடைசிவரை காலில் தட்டும். மெருகு ஏற்றாத பலகையை முதலில் தரையில் அடித்துவிட்டு, பிறகு மொத்தமாக இழைத்துச் சமன் செய்துகொள்ளலாம்.

இளைய உறுப்பினர்கள் சிலர், அமெரிக்க ஓக் மரத்தில் 'நம்பர் 2 காமன்' என்ற கீழ்த் தரம் இதைவிட மலிவு என்று படம் அனுப்பினார்கள். விலை உண்மைதான். ஆனால் அது அந்த ஊர் வீடுகளுக்காக ஈரம் 6 முதல் 9 விழுக்காடு வரை உலர்த்திய மரம். நம் மண்டபத்தில் விழா நாளில் மட்டும்தான் குளிர்சாதனம் ஓடும். மற்ற நாளில் ஜன்னல் திறந்திருக்கும். இந்தக் காற்றில் மரம் 14, 15 விழுக்காடு ஈரத்துக்கு வந்துதான் நிற்கும். இரண்டேகால் அங்குல ஓக் பலகை ஒன்று அதற்குள் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே அகலும். நூறு பலகை சேர்ந்தால் பத்து சென்டிமீட்டருக்கு மேல். சுவர் நகராது, ஆக, தரைதான் கூரைபோல் எழும்பும்.

நம் பலகை ஒரு டன்னுக்கு மேல் எடை. மின்தூக்கியில் நீளம் கொள்ளவில்லை. தொண்டூழியர்கள் படிக்கட்டு வழியாகவே ஏற்றினார்கள். எடை ஓரிடத்தில் குவியாமல், பொறியாளர் சொன்னபடி மண்டபம் முழுக்கப் பரப்பி, அடுக்குக்கு அடுக்கு குறுக்குச்சட்டம் வைத்து, மின்விசிறியை ஓட விட்டோம். ஈரமானியின் ஊசியைக் குத்திப் பார்த்து, எண் இறங்காமல் ஏறாமல் நின்ற பிறகுதான் ஆணியைத் தொட்டோம்.

அந்த இடைவெளியில் நடந்த தரம் பிரிப்புதான் இந்தத் திருப்பணியின் உண்மையான வேலை. தச்சு தெரிந்தவர் ஒட்டுப்பலகைத் துண்டில் பலகையின் சரியான அகலத்துக்கு ஒரு வெட்டு வெட்டிக் கொடுத்தார். ஒவ்வொரு பலகையும் அந்த வாய்க்குள் போய் வரவேண்டும். ஆடினால் சிவப்புச் சுண்ணக்கட்டி, இறுகினால் நீலம், சரியாக உட்கார்ந்தால் குறி இல்லை. ஒரே குறி உள்ளவை ஒரே வரிசைக்குப் போயின. இதைச் செய்யாமல் கலந்து அடித்திருந்தால் நாலாவது வரிசையிலேயே இடைவெளி வாயைப் பிளந்திருக்கும்.

துளையுள்ள பலகைகளைத் தனியே வைத்துப் பார்த்தோம். ஓரம் கறுத்த சின்னத் துளை என்றால், மரம் பச்சையாக இருந்தபோது வண்டு போட்டது. உலர்ந்த மரத்தில் அது பிழைக்காது. அந்தப் பலகையைத் தைரியமாகப் போடலாம். தட்டினால் மாவு உதிர்கிறது என்றால் உள்ளே உலர்ந்த மரத்தைத் தின்னும் வேறு வண்டு இன்னும் இருக்கிறது என்று பொருள். வெளிறு என்கிற, மரத்தின் வெளிப்புற வெளிர்ப் பகுதியில் இருக்கும் மாவுச்சத்துதான் அதற்குத் தீனி. மாவு உதிர்ந்தவற்றை அன்றைக்கே வெளியேற்றினோம். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் வெள்ளைத் தாளை விரித்து, பலகையைத் தட்டித் தட்டிச் சோதித்தார்கள். பெரியவர்களைவிட அவர்கள் கண்ணுக்குத்தான் அதிகம் அகப்பட்டது.

நல்ல தரத்துக்குப் பத்து விழுக்காடு கூடுதலாக வாங்கினால் போதும். இதற்கு நாங்கள் 25 விழுக்காடு கூட்டி, 60 சதுர மீட்டர் மண்டபத்துக்கு 75 சதுர மீட்டர் வாங்கினோம். பிளவும் பெரிய முடிச்சும் வெட்டி எறிந்த பிறகு துண்டுகள் நிறைய வந்தன. நீளமும் நேரும் உள்ளவை நடு மண்டபத்துக்கு. குட்டையும் முடிச்சும் உள்ளவை அலமாரிக்கு அடியிலும் சுவரோரத்திலும். அடிப்பதற்கு முன் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, பக்கத்து வரிசைகளின் இணைப்புகள் ஒரு சாணாவது தள்ளி வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டோம்.

அடித்தளத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சிமெண்டின் மேல் பிளாஸ்டிக் தாளை ஒட்டி ஓரிரவு விட்டுப் பார்த்ததில் வேர்வை கட்டவில்லை. ரப்பர் திண்டு, அதன் மேல் சட்டம், அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு ஒட்டுப்பலகை. அதற்கும் மேலே நாக்கின் வழியாகச் சாய்வாக ஆணி அடித்த கெம்பாஸ். மேலே எந்த ஆணித்தலையும் தெரியாது. நான்கு சுவரோரமும் 12 மில்லிமீட்டர் விட்டு, சட்டத்தால் மறைத்திருக்கிறோம். மரம் மூச்சு விட அந்த இடம் வேண்டும்; தயவுசெய்து யாரும் சிலிக்கான் போட்டு அடைக்க வேண்டாம்.

இழைப்பை மட்டும் குத்தகைக்கு விட்டோம். வாடகைக்கு இயந்திரம் எடுத்து நாமே ஓட்டலாம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை. இயந்திரத்தின் உப்புத்தாள் உருளை ஓரிடத்தில் ஒரு நொடி நின்றாலும் குழி விழும். மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை. முதலில் 40ஆம் எண் உப்புத்தாள், அப்புறம் 60, 80, கடைசியில் 100. இழைத்த தூளையே பசையில் குழைத்து முடிச்சு ஓட்டைகளில் நிரப்பினார்கள். மேலே பளபளப்பு இல்லாத, நீரை அடிப்படையாகக் கொண்ட பாலியூரித்தேன் மெருகு மூன்று பூச்சு. பளபளப்பு வேண்டும் என்று சிலர் ஆசைப்பட்டார்கள். ஆடுகிற பிள்ளை வழுக்கி விழுந்தால் அந்தப் பளபளப்பை வைத்து என்ன செய்வது?

மொத்தச் செலவில் மரத்தின் பங்கு மூன்றில் ஒன்றுதான். அடித்தளமும் இழைப்பும் மெருகும் மீதியைத் தின்றன. பலகை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இந்த இரண்டு பங்கு குறையாது. வேறு அமைப்புகளிலிருந்து நம்மிடம் விலை விசாரிப்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். தரம் பிரித்ததற்கும் அடித்ததற்கும் கூலி கொடுத்திருந்தால் நமக்கு மிஞ்சியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. தொண்டூழியர்களின் கைதான் மிச்சம் பிடித்தது.

இப்போது தரை ஒரே நிறமாக இல்லை. செங்கல் சிவப்பில் அங்கங்கே வெளிறின் மஞ்சள் ஓடும். கல்போல் இறுகிய கறுப்புக் கோடுகள் வரும். கெம்பாஸின் சுபாவம் அது. நடன ஆசிரியை தட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் நன்றாகக் கேட்கிறது, வலி கேட்கவில்லை என்றார். கீழே பந்தியிலும் இடி குறைந்திருக்கிறது.

பராமரிப்புக்குச் சில வேண்டுகோள்கள். ஈரம் சொட்டும் துடைப்பான் வேண்டாம். பிழிந்த துணி போதும். நாற்காலியை இழுக்காமல் தூக்கி வையுங்கள். குத்துவிளக்குக்கும் கற்பூரத் தட்டுக்கும் அடியில் பித்தளைத் தாம்பாளம் அவசியம். அரிசிமாக் கோலம் போடலாம். ஈரமாவுக் கோலமும் சாயப்பொடி ரங்கோலியும் வாசலோடு நிற்கட்டும்.

மீந்த நீளப் பலகைகளைப் பின்னால் பழுதுபார்க்க வேண்டியிருக்கும் என்பதால் மேடைக்கு அடியில் அடுக்கியிருக்கிறோம்; அவற்றை யாரும் எடுக்க வேண்டாம். குட்டைத் துண்டுகள் படிக்கட்டுக்குக் கீழே சாக்கில் இருக்கின்றன. வீட்டுக்கு வேண்டியவர்கள் அலுவலகத்தில் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கட்டடக் குழு