இரண்டு பச்சை ஓ-ரிங்குக்கு ஒரு நன்றி மடல்

மண்டபம், வேதாளை, உச்சிப்புளி உறவுகளுக்கு,

வணக்கம். ஊர் வண்டி மறுபடி ஓடுகிறது. நேற்றுக் காலை டயாலிசிஸுக்குப் போனவர்களை ராமநாதபுரத்தில் இறக்கிவிட்டு, மதியம் ஒன்றரை மணி வெயிலில் திரும்பக் கூட்டியும் வந்துவிட்டது. உச்சிப்புளி தாண்டும்போது பின்சீட்டில் இருந்த அக்கா, "சால்வை இருக்காப்பா, குளிருது" என்று கேட்டார். ஏசி கேஸ் ஒழுகிக் குளிர்ச்சி நின்று, வண்டி ஓடாமல் கிடந்து, போன வாரம் பட்ட பாடு உங்களுக்கெல்லாம் தெரியும். அதை மறுபடி எழுதவில்லை.

முதல் நன்றி உச்சிப்புளி ஃபிரிட்ஜ் மெக்கானிக் பெரியவருக்கு. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வண்டி ஏசி அவர் தொழிலும் இல்லை. ஏசி குழாய்களுக்குள்ளிருந்து காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வாக்கம் பம்ப் ஒரு ராத்திரிக்கு இரவல் கிடைக்குமா என்றுதான் கேட்டோம். டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்னால் பம்ப்பையும், பின்னால் சாக்கு சுற்றிக் கட்டிய சின்ன நைட்ரஜன் சிலிண்டரையும் வைத்துக்கொண்டு அவரே வந்து நின்றார்.

அவர் வருவதற்குள், ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டன்சரில் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டும் வேலை முடிந்திருந்தது. மீதியிருந்த கேஸை மெஷின் வைத்து உறிஞ்சி எடுத்தாயிற்று. ஏசியில் ஓடும் ஆர்134ஏ கேஸ் ஒரு கிலோ காற்றில் போனால், 100 ஆண்டுக் கணக்கில் 1430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகச் சூடேற்றும்; நட்டைத் தளர்த்தி 'புஸ்'ஸென்று விட்டுவிடக் கூடாது. மேலே பட்டால் தோல் உறைந்துவிடும். நெருப்பில் பட்டால் நச்சுப்புகை வரும். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற கேஸ் வெல்டிங் தீயைக் காட்டுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். நாங்கள் முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டோம். அப்படியும் பிராக்கெட் போல்ட் ஒன்று தலை முறிந்தது. அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட், நடுவே உப்பு என்று இருந்தால் முறியத்தான் செய்யும்.

கிரில், பானட் லாக் தாங்கி, பம்பரின் மேல் கிளிப்புகள் எல்லாம் வெளியே வந்த பிறகுதான் கண்டன்சர் முழுசாகக் கண்ணில் பட்டது. கீழ் வலது மூலையில் தகடுகள் திருநீறு போல விரலோடு உதிர்ந்தன. அந்தப் பக்கத்து ரப்பர் புஷ் எப்போதோ விழுந்திருக்கிறது. இரும்பு பிராக்கெட் நேரே அலுமினியத்தில் உட்கார்ந்து, ஈர உப்பும் மணலும் சேர்ந்து, சரியாக அந்த இடத்தில் குழாய் ஓட்டை. அலுமினியத்தின் மேலிருக்கும் மெல்லிய காப்புப் படலத்தை உப்பு உடைத்துவிட்டால் ஊசி குத்தியது போலக் குழி விழும். அதோடு இரும்பும் உரசினால் அரிப்பு இன்னும் வேகம் பிடிக்கும். உலோகம் கடற்காற்றில் எப்படி அரிகிறது என்று பார்க்கவே காரைக்குடி செக்ரி ஆய்வகம் நம் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அதே காற்றில்தான் நம் வண்டியும் நிற்கிறது.

புதியதைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் பழையதன் மேல் படுக்கவைத்து ஒத்துப் பாருங்கள். குழாய் வாய் இருக்கும் இடம், போல்ட் ஓட்டை, புஷ் மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் மூடியைக் கழற்றலாம். பழையதில் ஓரங்களில் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்சுப் பட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால் ரேடியேட்டரின் சூட்டுக் காற்று சுற்றிக்கொண்டு மறுபடி கண்டன்சர் முன்னால் வரும். வண்டி நிற்கும்போது குளிர்ச்சி போய்விடும். பழைய கண்டன்சரோடு கொஞ்சம் கம்ப்ரசர் ஆயிலும் வெளியே போகிறது. அதற்கு ஈடாகப் புதியதில் சுமார் 30 மில்லி ஊற்ற வேண்டும், அதுவும் கம்ப்ரசர் லேபிளில் போட்டிருக்கும் அதே வகை ஆயில். கூடுதலாக ஊற்றினால் குளிர்ச்சி குறையும். டிரையரைக் கட்டாயம் மாற்ற வேண்டும். அதன் மூடியைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். உள்ளே இருப்பது ஈரம் உறிஞ்சும் மணிகள். நம் ஊர்க் காற்றில் அரை நாள் திறந்து கிடந்தால் வண்டியில் ஏறுமுன்பே குடித்து முடித்துவிடும்.

இதெல்லாம் ஒழுங்காகச் செய்தோம் என்றே நினைத்திருந்தோம். பெரியவர் பம்ப்பை மாட்டி ஓடவிட்டு, 45 நிமிடம் மணி பார்த்தார். கேஜில் குறைந்த அழுத்தப் பக்கத்தைக் காட்டும் நீல முள், வெற்றிடக் கணக்கில் 29 அங்குலப் பாதரசத்தைத் தாண்டி இறங்கி நின்றது. கடல் மட்டத்தில் இருக்கிற நமக்கு அது அவ்வளவு தூரம் இறங்கியே ஆக வேண்டும். இறங்காவிட்டால் பம்ப்பின் ஆயில் கெட்டிருக்கும், இல்லையென்றால் எங்கோ ஓட்டை. அந்த வெற்றிடத்தில் தண்ணீர் 30 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிப் பம்ப் வழியே வெளியேறும். அந்த ஈரம் உள்ளேயே தங்கினால் கேஸ் விரிந்து குளிரும் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாக அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகும்.

முள் இறங்கியதும் நாங்கள் கேஸ் கேனைக் கையில் எடுத்துவிட்டோம். மணி இரவு ஒன்பதரை, காலை ஐந்துக்கு வண்டி கிளம்ப வேண்டும். பெரியவர் கேனை வாங்கித் தரையில் வைத்தார். வால்வுகளை மூடினார், பம்ப்பை நிறுத்தினார். "இருபது நிமிஷம் பொறுங்க தம்பி, முள்ளு சொல்லட்டும்" என்றவர், பம்பரைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார்.

இந்த மடலே அந்த இருபது நிமிடத்துக்காகத்தான். பட்டறைகளில் அவசரத்தில் விட்டுப்போவது இதுதான். வாக்கம் போட்டோம், கேஸ் ஏற்றினோம், அனுப்பினோம் என்று முடித்துவிடுவார்கள். முன்பு இரண்டு தடவை நம் வண்டிக்கு ஓட்டை பார்க்காமல் கேஸ் மட்டும் ஏற்றி அனுப்பியது யார் என்பது இங்கே வேண்டாம். மூடிவைத்த முள் கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஈரம் பாக்கி. மறுபடி பம்ப் ஓட்ட வேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஓட்டை. எங்கள் முள் பத்து நிமிடத்தில் 27, பதினைந்தில் 24 (எண் குறைந்தால் வெற்றிடம் குறைகிறது, முள் ஏறுகிறது என்று அர்த்தம்).

வாக்கத்தோடு இணைப்பைத் திறந்தால் உப்பு ஈரக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் முதலில் நைட்ரஜனை மெதுவாக விட்டார். பிறகு ரெகுலேட்டரில் 150 பிஎஸ்ஐ வரை ஏற்றினார். ரெகுலேட்டர் இல்லாமல் சிலிண்டரை மாட்டவே கூடாது, உள்ளே 2000 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். வெல்டிங் கடையில் ஆக்ஸிஜன்தான் கிடைத்தது என்று அதை ஏற்றிவிடாதீர்கள். ஆயிலும் ஆக்ஸிஜனும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரும் வேண்டாம், ஈரத்தையும் சேர்த்துத் தள்ளும்.

ஷாம்பு கரைத்த தண்ணீரைப் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவினார். நாங்கள் சந்தேகப்பட்ட இடமெல்லாம் சுத்தம். கண்டன்சருக்குள் கேஸ் நுழையும் மேல் இணைப்பில், டார்ச் வெளிச்சத்தில், ஈர மணலில் நண்டு வளை விடும் நுரை மாதிரி சின்னச் சின்னதாக ஒரு கொத்து.

தப்பு எங்களுடையது. இணைப்பில் கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் புதுக் கண்டன்சரோடு வரவில்லை. வாங்கிய பொட்டலத்தில் அந்த அளவு இல்லை என்று, மேல் இணைப்பில் மட்டும் பழைய கறுப்பு ரிங்கையே துடைத்துப் போட்டிருந்தோம். அழுத்தத்தையும் சூட்டையும் வருஷக்கணக்கில் வாங்கிய ரிங் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். கையில் பார்த்தால் நன்றாகத்தான் தெரியும், நகத்தால் அமுக்கினால்தான் கடினம் புரியும். நைட்ரஜனை இறக்கிக் கழற்றிய பிறகு அதை டார்ச்சுக்கு நேரே பிடித்துக் காட்டினார். வட்டத்தில் முடி அளவு ஒரு வெடிப்பு.

அந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தைல டப்பாவை எடுத்தார். உள்ளே ஆயிலில் ஊறிய பச்சை ரிங்குகள், பெரிதும் சிறிதுமாக. பழைய ரிங்கோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். உள்வட்டம் பொருந்தியதும் முடிந்தது என்று நாங்கள் கை நீட்டினோம். அவர் தடிப்பையும் பார்த்தார். அரை மில்லிமீட்டர் தடிப்புக் குறைந்தாலும் ரிங் பள்ளத்துக்குள் பதுங்கிக்கொள்ளும், அடைக்காது. இரண்டைப் பொறுக்கி எடுத்தார், மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று. கீழே இருந்தது புதிதுதான், ஆனாலும் மாற்றச் சொன்னார். (பச்சை என்பதாலேயே நல்ல ரிங் என்று கடையில் ஏமாற வேண்டாம். ஆர்134ஏ கேஸுக்குரிய எச்என்பிஆர் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள்.) ஆயில் தடவி, விரலால் முறுக்கு விழாமல் தள்ளி, இணைப்பு நேராக உட்கார்ந்த பிறகு போல்ட்டைப் போட்டார். எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டருக்குள்தான் முறுக்கு, மணிக்கட்டு பலம் போதும். தோள் பலத்தைக் காட்டினால் அலுமினியத் திரெட் கையோடு வரும்.

மறுபடி நைட்ரஜன், மறுபடி நுரை, மறுபடி 45 நிமிட வாக்கம், மறுபடி இருபது நிமிடப் பொறுமை. இந்தத் தடவை முள் அசையவில்லை. மணி பன்னிரண்டே கால். கூலி என்று நீட்டியதை வாங்கவில்லை. "ரிங்குக்கு என்னப்பா காசு" என்று சொல்லிவிட்டு, பம்ப்பை எங்களிடமே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

கேஸ் ஏற்றியது மீன் எடைத் தராசில். பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் 550 கிராம் என்று இருக்கிறது. 450 கிராம் கேன் ஒன்று முழுசாக, அடுத்ததில் 100. முதலில் கேனிலிருந்து கேஜுக்குப் போகும் மஞ்சள் ஹோஸில் இருக்கும் காற்றை ஒரு நொடி வெளியேற்ற வேண்டும். கேனை நிமிர்த்தி வைத்து, இன்ஜின் ஓடும்போது நீலப் பக்கத்தில் மட்டும் விட வேண்டும். அப்போது அதிக அழுத்தப் பக்கத்துச் சிவப்பு வால்வைத் திறந்தால் எதிர் அழுத்தத்தில் கேன் வெடித்துவிடலாம். கேன் குளிர்ந்து மந்தமானால் கை பொறுக்கும் சூட்டு வெந்நீர்ச் சட்டியில் வையுங்கள். முள்ளைப் பார்த்து மட்டும் கேஸ் ஏற்றுவது குருட்டு வேலை, எடைதான் கணக்கு. ஏற்றி முடித்த பின் நீலம் 38, சிவப்பு 215 பிஎஸ்ஐ. வெயில் நேரத்தில் சிவப்பு இன்னும் ஏறும், பயப்பட வேண்டாம். மிக அதிகமாக ஏறினால் கேஸைக் குறை சொல்லுமுன் முன்னாலிருக்கும் மின்விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறோம், கோபிக்க வேண்டாம். ஷட்டரை இறக்கிய பிறகும் திறந்து டிரையர் எடுத்துக் கொடுத்த ராமநாதபுரம் ஸ்பேர் கடைக்காரர், காசு வாங்காமல் பழைய கேஸை மெஷினில் எடுத்துக் கொடுத்த ஏசி கடைத் தம்பிகள், விசிறி ரிலேயைச் சோதித்த எலெக்ட்ரீஷியன் மச்சான், தராசையும் டார்ச்சையும் கொடுத்த மீன்கடை அண்ணன், ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்த அத்தை, அந்த மூன்று நாளும் தங்கள் காரில் ஆட்களை ஏற்றிப் போன பாம்பன், தங்கச்சிமடம் நண்பர்கள், எல்லோருக்கும் நன்றி.

இனி வாரம் ஒரு நாள் கண்டன்சரை நல்ல தண்ணீரில் கழுவுவது என்று முடிவு. போர்வெல் தண்ணீர் ஆகாது, அதுவே உப்பு. காவிரித் தண்ணீர் வரும் நாளில் இரண்டு குடம் போதும். குடத்தைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போகிறவர்களைப் பார்த்துத் திட்டாதீர்கள். மக்கில் மெதுவாக ஊற்றினால் போதும், பிரஷர் வாஷர் அடித்தால் தகடுகள் மடங்கி அடைத்துக்கொள்ளும். அரிச்சல்முனை வரை போய்வந்தால் அன்றைக்கே கழுவ வேண்டும். மாதம் ஒரு தடவை நான்கு ரப்பர் புஷ்ஷும் இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பது வண்டி எடுக்கிறவர் பொறுப்பு.

பெரியவருக்கு ஒரு தகவல்: பம்ப்பில் புது ஆயில் ஊற்றி நேற்று மாலை உங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தோம். நீங்கள் மறந்துவிட்டுப் போன தைல டப்பாவும் பக்கத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் கனமாக இருக்கும். எல்லா அளவிலும் பத்துப் பத்துப் பச்சை ரிங் போட்டிருக்கிறோம், எச்என்பிஆர்தான், கேட்டுத்தான் வாங்கினோம்.

இப்படிக்கு,
ஊர் வண்டியைப் பார்த்துக்கொள்கிற நாங்கள்,
மண்டபம்